இல்லமும் இயந்திரமும்: நாடா காத்திராது

நம்மவர் இல்லங்களில் ஒரு காலத்தில் எடுக்கப்பெற்ற திருமணம், வளைகாப்பு, ஊர்த் திருவிழா முதலிய காட்சிகள் பல இன்றும் மினி டி.வி. கேசட்டுகளிலேயே உறைகின்றன. இங்கு டி.வி. என்பது டிஜிட்டல் வீடியோ, தொலைக்காட்சியன்று. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த முறை இது. ஊரை விட்டு வந்து வாழும் குடும்பத்திற்குப் பாட்டியின் குரல் அக்கேசட்டில் மட்டுமே எஞ்சியிருக்குமாயின், அதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

அக்காட்சிகளைக் கணினியில் இறக்கி, வேண்டாதன நீக்கிச் செம்மை செய்த அன்பர்கள், அவற்றை மீண்டும் கேசட்டில் ஏற்றும்போது இடர்ப்படுகின்றனர். பழைய கேமராவைத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பார்த்தே பழகிய பெரியோருக்கு இது உதவும். ஹார்ட் டிஸ்க் பழுதுற்றாலும் ஒரு படி எஞ்சும். ஆதலின் தடைகளை முறையாக ஆராய்வோம்.

முதலில் கேமராவை நோக்குக. அது படமெடுக்கும் நிலையில் இராது, 'வி.சி.ஆர்.' அல்லது 'பிளே' என்னும் நிலையில் இருத்தல் வேண்டும். கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு தாழ் 'சேவ்' பக்கம் தள்ளப்பட்டிருப்பின் எதுவும் பதியாது. ஐரோப்பாவில் விற்கப்பட்ட கேமராக்கள் பலவற்றில், சுங்க வரி மிகுமென்று கருதி, வெளியிலிருந்து வரும் படத்தை ஏற்கும் வசதியையே அடைத்துவிட்டனர். உறவினர் அங்கிருந்து கொணர்ந்த கேமராவாயின் கையேட்டைப் பார்த்தறிக.

அடுத்தது கம்பி. இப்பணிக்குப் பெரும்பாலும் யு.எஸ்.பி. கம்பி உதவாது, ஃபயர்வயர் கம்பியே வேண்டும். சோனி கேமராக்களில் இதற்கு ஐ.லிங்க் என்று பெயர். புதிய கணினிகளில் இதற்குரிய துளை இராமையால், பழைய கணினியைப் பேணி வைத்தல் நன்று.

மூன்றாவது, படத்தின் முறை. நம் நாட்டுக் கேமரா பால் முறையினது. விநாடிக்கு 25 படம். அமெரிக்காவிலிருந்து வந்தது என்.டி.எஸ்.சி. முறையினது, விநாடிக்கு ஏறத்தாழ 30 படம். செம்மை செய்த கோப்பும் கேமராவும் ஒரே முறையில் அமையாவிடின் படம் சிதையும், அல்லது பதியவே பதியாது. எம்.பி.4 கோப்பாயின், அதனை முதலில் டி.வி. வடிவிற்கு மாற்றுக. ஒரு மணி நேரப் படத்திற்கு ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் வேண்டும்.

இவை யாவும் செம்மையாயிருந்தும் படம் விட்டுவிட்டு வந்தால், காரணம் கணினியின் தாமதமே. ஓடும் நாடா எவர்க்கும் காத்திராது. விநாடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் இடையறாது சென்று சேர்தல் வேண்டும். பிற நிரல்களை மூடிவிட்டு, ஏற்றி முடியும் வரை கணினியை வேறு பணிக்குப் பயன்படுத்தாதிருங்கள். திரையில் சிறு கட்டங்கள் தோன்றினால் கேமராவின் தலைப்பகுதி அழுக்குற்றிருக்கலாம். துப்புரவுக் கேசட்டைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டுக.

இறுதியாக, நாம் வலியுறுத்துவது ஒன்று. மூலக் கேசட்டின்மேல் ஒருபோதும் பதிவு செய்யாதீர்கள். அதில் முன்பிருந்தது அழிந்தே போகும். ஏற்றத் தொடங்குமுன் அதன் தாழைச் 'சேவ்' பக்கம் தள்ளி வேறிடத்தில் வையுங்கள். வேறொரு கேசட்டில் இரண்டு நிமிடம் ஏற்றிச் சோதியுங்கள். முழுதும் ஏற்றியபின் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை கணினியிலுள்ளதை நீக்க வேண்டா. கேசட் வேறு வாங்கலாம்; பாட்டியின் குரலை எங்கே வாங்குவது?

அடுத்த திங்கள், பூஞ்சை படர்ந்த கேசட்டுகளைப் பற்றிக் காண்போம்.