மொறிஸ் மைனரின் முன்சில்லும் கணினித் திரையும்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கும் நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீதியோரத்தில் ஒரு ஒஸ்ரின் ஏ-40 அல்லது மொறிஸ் மைனர் நின்றால் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்பாவிடம் இப்படியொன்று இருந்தது என்பார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால், அந்தக் காரின் முன்சில்லு எந்தச் சாய்வில் நிற்கிறது, அதன் ரயர் உட்புறமாகத் தேய்ந்திருக்கிறதா என்று எவரும் குனிந்து பார்த்ததாக நான் அறியேன். கல்யாணத்துக்குக் கார் தேடுபவர்களும் புதுப் பெயின்ரையும் குரோமியப் பளபளப்பையும்தான் கேட்கிறார்கள்.

இந்தக் கார்கள் இன்றும் ஓடுவதற்குக் காரணம் நமது கலை இரசனை அல்ல. அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி கார் இறக்குமதியை இறுக்கியது. இருந்ததைக் காப்பாற்றுவதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1977 இன் பின் கொழும்பு யப்பானியக் கார்களுக்கு மாறியது. நாமும் மாறத் தொடங்கிய வேளையில் யுத்தம் வந்தது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் பற்றரியும் வாகன உதிரிப்பாகமும் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. என் பத்திரிகை வாழ்வின் முதற் பத்தாண்டு அந்தப் புகையின் மணத்தோடுதான் கழிந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனக்கூட்டத்தின் நடுவே இந்தக் கார்களும் ஊர்ந்தன.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். அதே தொண்ணூறுகளில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், இலங்கையின் தென்பகுதியில் ஒரு கூட்டு முயற்சி மூலம் மைனருக்கான உதிரிப்பாகங்களைத் தயாரித்து இங்கிலாந்துக்கு எடுப்பித்தார். தென்னிலங்கையிலிருந்து கடல் கடந்து போன பாகம் ஆனையிறவைக் கடந்து வர முடியவில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சினைக் கெடுத்தது. அதை எல்லோரும் அறிவர். குண்டும் குழியுமான வீதிகளும் கிறீஸ் இல்லாத ஆண்டுகளும் முன்சில்லின் மூட்டுகளைக் கெடுத்தன. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எஞ்சின் கெட்டால் கார் நின்றுவிடும், ஆபத்தில்லை. முன்மூட்டுக் கெட்ட கார் ஓடிக்கொண்டே இருக்கும். என் கவலை அதுதான்.

சில்லை முன்னிருந்து பார்த்தால் அதன் மேற்பகுதி வெளிப்புறமாகவோ உட்புறமாகவோ சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் கேம்பர் என்கிறார்கள். 'கம்பர்' என்று சொல்லும் கராஜ்காரரும் நம்மிடையே உண்டு, கவிச்சக்கரவர்த்தி மன்னிப்பாராக. மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சில்லுகளும் முன்பக்கமாகச் சற்றே நெருங்கி நிற்பதை ரோ-இன் என்பர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மைனருக்குக் கேம்பர் 1 பாகை, ரோ-இன் ஓர் அங்குலத்தின் 32 இல் 3 பங்கு, அதாவது 2.4 மில்லிமீற்றர் அளவு. இதில் ரோ-இன்னை ஸ்ரியறிங் கம்பிகளின் முனைத் திருகுகளால் மாற்றலாம். கேம்பரை மாற்ற அந்தக் காரில் எந்தத் திருகும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த கோணம் அது. அக்கால ஒஸ்ரின்களும் அப்படியே.

ஆகவே ஒரு மைனரின் கேம்பர் பிழைத்திருந்தால், ஏதோவொரு பாகம் தேய்ந்திருக்கிறது, தொய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்றுதான் பொருள். மைனரின் முன்சில்லைத் தாங்கும் தூணின் மேலும் கீழும் திருகுப் புரியுள்ள மூட்டுகள் உண்டு. அக்காலத்தில் அவற்றுக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் அடிப்பார்கள். அடிக்காமல் விட்டால் புரி அறுத்துப்போகும். ஒருநாள் கீழ்மூட்டுக் கழன்று சில்லு மட்கார்ட்டுக்குள் மடங்கிவிடும். மேற்கையாக இருப்பது எண்ணெய் நிரப்பிய பழைய வகைச் சொக் அப்சோபரின் புயம். அதன் உட்தண்டு தேய்ந்தாலும் சில்லு சாயும். முறுக்குக் கம்பி தொய்ந்து முன்பக்கம் இறங்கினாலும் சாயும். இறங்கிய உயரத்தைக் கம்பியின் பின்முனையில் திருத்தலாம். கேம்பருக்கு நேர்வழியில் செய்யக்கூடிய ஒரே திருத்தம், தேய்ந்ததை மாற்றுவதும் தொய்ந்ததை உயர்த்துவதுமே.

யுத்தம் முடிந்து ஏ-9 வீதி வழமைக்கு வந்தபின் கணினி எலைன்மென்ட் நிலையங்கள் இங்கும் வந்தன. நல்ல இயந்திரங்கள், நான் அவற்றுக்கு எதிரியல்லன். ஆனால், அவை அளக்குமேயன்றி ஏன் பிழைத்தது என்று சொல்லா. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது மைனரை ஒரே ஆண்டில் மூன்று தடவை அப்படியொரு நிலையத்துக்குக் கொண்டுபோனார். திரையில் சிவப்பு வந்தது, பிள்ளைகள் ரோ-இன்னைத் திருகினார்கள், பச்சை வந்தது, பணம் கொடுத்து வந்தார். இரண்டு மாதத்தில் இடப்பக்க ரயரின் உள்விளிம்பு மொட்டை. கேம்பரைத் திருத்தக் கையைச் சூடாக்கி வளைக்கலாம் என்றும் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. சூடேற்றிய உருக்குத் தன் வலுவை இழக்கும். அது பிறகு எங்கே முறியும் என்று எந்தத் திரையும் காட்டாது.

கடைசியில் கொக்குவில் பக்கத்து முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனார். அவர் ஜக் அடித்துச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஒருதரம் அசைத்துப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், உது எலைன்மென்ட் பிழையில்லை. கால் ஆடுது. ஆடுற காலுக்கு அளவெடுத்து என்ன செய்யிறது?" என்றாராம். கீழ்மூட்டின் புரி ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்தக் காரில்தான் மாஸ்ரர் தினமும் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறார்.

அந்த மெக்கானிக்கின் கருவிகள் ஒரு நூற்பந்து, தூக்குக்குண்டு, இரும்பு அடிமட்டம். மூட்டுகளை மாற்றியபின் சமதளச் சீமெந்துத் தரையில் காரைச் சில அடி முன்னே உருட்டி நிறுத்தினார். பின்னே தள்ளி நிறுத்தினால் அளவு பொய் சொல்லும். மட்கார்ட்டிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் றிம்முக்கும் இடையிலான தூரத்தை மேலும் கீழும் அளந்தார். மைனரின் 14 அங்குல றிம்மில் ஒரு பாகைச் சாய்வுக்கு இரண்டு அளவுகளும் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வேறுபட வேண்டும். பிறகு காரின் இரு பக்கமும் நூல் இழுத்து ரோ-இன். அந்த அளவு பழைய நைலோன் ரயருக்குச் சொல்லப்பட்டது, இப்போதைய றேடியலுக்குச் சற்றுக் குறைக்கலாம் என்று குறைத்தும் வைத்தார். காற்று அழுத்தத்தை எல்லாவற்றுக்கும் முதலே பார்த்துவிட்டார்.

இதையெல்லாம் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோ-இன் மொத்தம் 6 மில்லிமீற்றர் ஆகிவிட்டால் ஒவ்வொரு முன்சில்லும் அரைப் பாகை அளவு திரும்பி நிற்கும். ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ரயர் எட்டு மீற்றர் பக்கவாட்டில் உரசப்படும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 20 மைல். அங்கே போய்ச் சேர்வதற்குள் கால் கிலோமீற்றர் தூரம் ரயரைத் தார்வீதியில் தேய்த்தே கழித்திருப்போம்.

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. 2008 முதல் இந்நாட்டில் வாகனப் புகையைச் சோதித்தே வருடாந்த வரிப்பத்திரம் வழங்குகிறார்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அறுபது, எழுபது வயதான தனியார் காரின் முன்மூட்டை அசைத்துப் பார்க்க மட்டும் சட்டத்தில் ஓர் இடமில்லை. சோதனை என்றால் இலஞ்சத்துக்கு இன்னொரு கதவு என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. இருந்தும், புகைச் சோதனைக்குக் கார் நிற்கும் அதே இடத்தில் ஜக் ஒன்றை வைத்து ஐந்து நிமிடம் பார்ப்பது பெரிய காரியமல்ல என்றே நான் நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் தொடங்கி 2025 பெப்ரவரி வரை நீடித்த வாகன இறக்குமதித் தடை பழைய கார்களுக்கு மறுபடியும் கிராக்கியை உண்டாக்கியது. தடை நீங்கிய பின்னரும் புதுக் காரின் வரியும் விலையும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதவை. ஆகவே மைனரும் கேம்பிறிட்ஜும் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன. அவற்றை அசைத்துப் பார்த்து நோய் சொல்லக்கூடியவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கிளிநொச்சி இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும் மோட்டார்த் துறை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த முதியவர்களைக் கொண்டு ஒரு வாரம் பாடம் நடத்தலாம். ஒரு பழைய காரும் ஒரு நூற்பந்தும் போதும். புலம்பெயர்ந்த அன்பர்கள் அடுத்த திருவிழாவுக்கு வரும்போது, லண்டன் கடையில் கிடைக்கும் ஒரு சோடி மைனர் மூட்டுகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால் அதையும் மறுக்கமாட்டோம். அதுவரை, பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் எலைன்மென்ட் நிலையத்துக்குப் போனால், இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் சில்லைத் தூக்கி ஒருதரம் அசைத்துக் காட்டுமாறு கேளுங்கள். முடியாது என்றால், காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், மெதுவாக.