கொழுப்பெடுத்தா குடிக்கிறான்?

"குடிகாரனுக்கு என்ன கேடு, எல்லாம் கொழுப்பு!"

எங்க ஊர் கோம்பையில எந்த டீக்கடையில உக்காந்தாலும் இந்தத் தீர்ப்பு இலவசமாக் கிடைக்கும். படிச்ச ஆளுங்க இதையே கொஞ்சம் நாகரிகமா "வில் பவர் இல்லை"ன்னு எழுதுறாங்க. எனக்கு ரெண்டுலயுமே உடன்பாடு இல்லை மக்களே.

எங்க பக்கம் விடியறதுக்கு முன்னாடியே ஜீப் கிளம்பிரும். கம்பம்மெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போற சனம். திரும்புறப்ப பொழுது சாஞ்சிரும். புள்ளை முழிக்கிறப்ப அம்மா இருக்க மாட்டா. வர்றப்ப அவளுக்கு நிக்கத் தெம்பு இருக்காது. அப்பத்தா இருந்தா புள்ளை தப்பிச்சுச்சு. அந்தக் கிழவியும் போய்ச் சேந்துட்டா? அப்பன் குடிச்சிட்டு வந்து அம்மாவை அடிக்கிறவனா இருந்தா? பயந்த புள்ளை யாருகிட்ட ஓடும்?

இது சும்மா சென்டிமென்ட் இல்லை. அம்மாவோ, அவ எடத்துல நிலையா இருக்குற வேற ஒருத்தரோ குழந்தைக்குக் கட்டாயம் வேணும்னு ஜான் பௌல்பி 1951-லயே உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை குடுத்துட்டார். 1998-ல ஃபெலிட்டி, ஆண்டா குழு அமெரிக்காவுல 9,508 பேர்கிட்ட விசாரிச்சாங்க. அடி உதை, பாலியல் கொடுமை, அம்மா அடி வாங்குறதைப் பாக்குறது, வீட்டுல ஒரு குடிகாரர்... இப்படி 7 வகை. நாலோ அதுக்கு மேலயோ பட்டவங்களுக்கு, ஒண்ணுமே படாதவங்களைவிட குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி அபாயம் 4-ல இருந்து 12 மடங்கு அதிகம்.

எல்லாக் குடிக்கும் இதான் காரணம்னு நான் சொல்லலை. பரம்பரை இருக்கு, கூட்டாளிங்க இருக்காங்க, முக்குக்கு முக்கு கடை இருக்கு. ஆனா அழுதா தூக்குறதுக்கு ஒரு கை இருந்த புள்ளை, மனசு ஆறுறதுக்குப் பழகிக்கும். அது வாய்க்காதவனுக்கு அந்த வேலையைக் குவாட்டர் செய்யுது. போனா இருக்கும், ஏன் வந்தேன்னு கேக்காது.

உடனே "வேலைக்குப் போற பொம்பளைங்கதான் காரணமா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. அவ போகலைன்னா அடுப்பு எரியாது. மலை மேல எஸ்டேட்டுல காப்பகம் இருந்தாலும், ஆளை அடைச்சுப் போற ஜீப்புல கைப்புள்ளையைத் தூக்கிட்டா போவா? கீழ அங்கன்வாடி சாயங்காலத்துக்குள்ள மூடிரும். ஜீப் திரும்புற வரைக்கும் புள்ளையைப் பாத்துக்க ஒரு எடம் இல்லாதது அவ குத்தமா?

சரி, வைத்தியம்னு என்ன பண்றோம்? எங்க தெரு அண்ணன் ஒருத்தரை ராத்திரியில வண்டியில அள்ளிப்போட்டு ஒரு மையத்துல விட்டாங்க. அடைச்சு வச்சு அடிச்சாங்க. மூணு மாசம் கழிச்சு வந்தவர் நாலாம் நாள் கடையில நின்னார். நாதியத்து வளந்தவரைத் திரும்ப நாதியத்த எடத்துல தள்ளுறதுக்குப் பேரு வைத்தியமாய்யா?

"கடையை மூடு" கோஷத்துக்கு நானும் கை தூக்குறேன். 2016-ல 500, 2023-ல 500 மூடுனாங்க, நல்லது. ஆனா 2020 ஊரடங்குல மொத்தக் கடையும் ஒரு மாசத்துக்கு மேல மூடித்தான் கெடந்துச்சு. மே 7-ம் தேதி திறந்தப்ப நின்ன வரிசையை மறந்துட்டீங்களா?

வழி இல்லாம இல்லை. குடியால கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல சென்னையில டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை ஆரம்பிச்சாங்க. அங்க குடும்பத்துக்கும் சேத்துத்தான் சிகிச்சை. மஞ்சக்குடி கிராமத்துல ஊருக்குள்ளயே முகாம் போட்ட அனுபவத்தை 1994-ல 'அடிக்‌ஷன்' ஆய்விதழ்ல எழுதியிருக்காங்க. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழிமுறை, தொடர்ந்து குடிக்காம இருக்குறதுக்கு மத்த சிகிச்சைகளைவிட உதவுதுன்னு 2020 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. ராத்திரி ஃபோன் போட்டா எடுக்குறதுக்கு அங்க ஒரு ஆள் உண்டு. விட்டுப்போன கண்ணியே அதானே?

அதனால நான் கேக்குறது ரெண்டு. ஜீப் திரும்புற வரைக்கும் திறந்திருக்குற குழந்தைகள் காப்பகம். குடியை விட்டு வந்தவரை "எத்தனை நாளைக்கோ"ன்னு நக்கலடிக்காத ஒரு ஊர். முதலாவதுக்கு அரசாங்கம் காசு போடணும். ரெண்டாவதுக்குக் காசே வேண்டாம், வாயை மூடிக்கிட்டா போதும்.

கொழுப்புன்னு இன்னமும் சொல்றவங்க, அந்த ஆளோட அஞ்சு வயசை ஒரு தடவை விசாரிச்சிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்.