ஊட்டியில் ஸ்னோ விழுவதில்லை

டிசம்பர் கடைசி வாரம் பிறந்ததும் என் கைபேசிக்கு ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஊட்டியை அடுத்த தலைகுந்தாவின் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும். காரின் கூரையில் படிந்த வெண்துகளைச் சுரண்டி எடுத்து, யாரோ ஒருவர் உள்ளங்கையில் ஏந்திக் காட்டுவார். அடியில் வரிசையாக ஹேஷ்டேக்குகள்: #ஊட்டிஸ்னோஃபால், #ஸ்னோஹாலிடே, #ஒயிட்கிறிஸ்துமஸ், #மினிகாஷ்மீர். அரையாண்டு விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து நச்சரிக்க, சமவெளியில் ஒரு குடும்பம் இரவோடு இரவாக வண்டியைக் கிளப்பும்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தை மைசூர் சாலையோரம் பார்த்தேன். காலை பத்தரை மணி இருக்கும், நல்ல வெயில். மதுரைப் பக்கத்துக்காரர். "அண்ணே, ஸ்னோ எந்தப் பக்கம் விழுகுது?" என்று கேட்டார். "விழறதில்லைங்க தம்பி. விடியக்காலம் புல்லு மேல உறையற பனி அது. எட்டரைக்கெல்லாம் கரைஞ்சிரும்" என்றேன். கையுறையும் கம்பளிக் குல்லாயுமாக நின்ற அவருடைய மகள், "அப்ப அந்த வீடியோ பொய்யாப்பா?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த வீடியோவில் இருந்த புல்வெளி உண்மை, வெண்மையும் உண்மை. அடியில் ஒட்டிய பெயர்தான் பொய்.

ஊட்டியில் ஸ்னோ விழும் என்ற நம்பிக்கையை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் வானத்தை நிமிர்ந்து பார்த்தாலே அது நிற்காது. ஸ்னோ மேகத்திலிருந்து விழுவது. உறைபனிக்கோ மேகமே ஆகாது. வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, காற்றும் அசையாமல் நிற்கும் இரவில், பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை மேலே விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவேதான் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியை விட்டுவிட்டு, தாழ்வான தலைகுந்தாவையும் காந்தலையும் தேடிப் போகிறார்கள். அங்கே புல்நுனியின் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போது, காற்றிலிருக்கும் ஈரம் இருந்த இடத்திலேயே படிகமாகப் படிகிறது. மேலேயிருந்து எதுவும் விழவில்லை. ஒரு துண்டு மேகம் வந்து மூடினால்கூட அன்றைக்கு உறைபனி இல்லை. ஒன்றுக்கு வேண்டிய வானம் மற்றதற்கு எதிரி. அந்த இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் அட்சரேகையில் மேகத்திலிருந்து விழும் பனித்துகள் உருகாமல் தரையைத் தொட வேண்டுமானால், அந்தத் தரை ஏறத்தாழ 4,500 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நீலகிரியில் அவ்வளவு உயரம் எங்கே இருக்கிறது? கோடையில் எப்போதாவது ஆலங்கட்டி கொட்டிச் சாலை வெளுக்கும். அதையும் ஸ்னோ என்றே பதிவிடுகிறார்கள்.

"பேரில் என்னங்க இருக்கு? நாலு பேர் பார்க்கணும்னு போடறது" என்பார்கள். பேரில்தான் எல்லாம் இருக்கிறது. ஹேஷ்டேக் என்ற குறி எதற்காக வந்தது என்று பார்க்கலாம். ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்களை ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில் முன்வைத்த யோசனை அது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் காட்டுத்தீ பரவியபோது, தீயைப் பற்றிய செய்திகளை ஒரு குறியின் கீழ்த் திரட்டினார்கள். அந்தக் குறி பயன்பட்டதற்குக் காரணம், தீ இருந்த ஊரின் பெயரையே அது தாங்கியிருந்ததுதான். ஹேஷ்டேக் என்பது தேடி வருகிறவனுக்குக் கொடுக்கும் முகவரி. தவறான முகவரியை நம்பி ஒரு குடும்பம் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வருகிறது.

நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கணக்காவது சரியா? பொருத்தமான ஹேஷ்டேக் மூன்றிலிருந்து ஐந்து போதும் என்று இன்ஸ்டாகிராமே 2021இல் அறிவுறுத்தியது. எக்ஸ் தளத்தின் உரிமையாளர் ஈலான் மஸ்க் 2024 டிசம்பரில், ஹேஷ்டேக் இனித் தேவையில்லை, நிறுத்துங்கள் என்றே கேட்டுக்கொண்டார். நம்மவர்களோ அதற்குப் பிறகும் இருபது, முப்பது என்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மினி காஷ்மீர் என்ற பட்டம் ஸ்னோ என்ற பெயரைவிட எனக்கு அதிக வருத்தம் தருகிறது. காஷ்மீரில் டிசம்பர் 21 அன்று சில்லை கலான் தொடங்கும். நாற்பது நாள் கடுங்குளிர். அந்த நாட்களில் மலையில் சேரும் பனிதான் கோடையில் உருகி ஆறாக ஓடி வயலுக்கும் தோட்டத்துக்கும் வருகிறது. 2024 ஜனவரியில் அந்தப் பனி பொய்த்தது. குல்மார்க்கின் சரிவுகள் பழுப்பு நிறத்தில் மொட்டையாகக் கிடந்த படங்கள் வந்தன. பனிச்சறுக்கை நம்பிப் பிழைக்கிற மக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் காந்தலிலும் தலைகுந்தாவிலும் 1 டிகிரி என்று செய்தி வந்தது. அந்த ஆண்டு உறைபனி தாமதமாக வந்ததால் தேயிலை என்னாகுமோ என்று இங்கே கவலைப்பட்டார்கள். இரண்டு மலைகளுக்கும் இரண்டு வேறு துயரங்கள் இருந்தன. ஒரு குறி இரண்டையும் மூடி மறைத்து, உல்லாசம் என்று எழுதிவிட்டது.

உறைபனி இங்கே என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கொழுந்தில் உறைந்த பனியின் மேல் காலை வெயில் சுள்ளென்று விழுந்ததும் இலை வெந்ததுபோலாகிறது. மூன்றாம் நாள் செடி பழுப்பேறிக் கருகி நிற்கும். மறுபடி தளிர்த்துப் பறிக்க வாரக்கணக்கில் ஆகும். பச்சைத் தேயிலையைக் கிலோக் கணக்கில் ஃபேக்டரிக்குப் போட்டு வாழும் சிறு விவசாயிக்கு அந்த வாரங்களில் வரவு இல்லை. ஆகவே மாலையிலேயே காய்ந்த புல்லையும் பெரணியையும் வெட்டி வந்து இளஞ்செடிகளைப் போர்த்துகிறார்கள். வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். அந்த விடியலில் விறைத்த விரலோடு கேரட் பிடுங்குகிறவர்களும் உண்டு. நூறடி தள்ளி, சுற்றுலா வந்தவர்கள் உறைந்த புல்லின் மேல் கும்பலாக ஏறிக் குதித்து ரீல்ஸ் எடுப்பார்கள். உறைந்திருக்கும்போது மிதிபட்ட புல் நொறுங்கிக் கருத்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த மலையின் முகத்தை வரைந்ததிலும் உறைபனிக்குப் பங்கு உண்டு. பள்ளத்து மடிப்பில் சோலைக்காடும் அதைச் சுற்றித் திறந்த புல்வெளியும் ஏன் இப்படிக் கோடு போட்டாற்போல் பிரிந்திருக்கின்றன என்பதற்குத் தாவரவியலாளர்கள் சொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று இது: சோலை மரத்தின் கன்று வெளிப்புல்லில் முளைத்தால் உறைபனி அதைக் கொன்றுவிடும். மரக்கூரைக்குள் அந்தப் பனி எட்டாது. இந்தக் கதை எங்களுக்கே சொந்தமானது. அப்படியிருக்க, வெளியூர்ப் பட்டத்தை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

தமிழில் சொல் இல்லாமலும் போகவில்லை. இங்கே கார்த்திகை வாக்கில் நீர்ப்பனி என்போம், பிறகு உறைபனி. நாலடிக்கு அப்பால் தெரியாமல் சாலையில் கவிழ்ந்தால் மூடுபனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொலவடையே இருக்கிறது. பனி பெய்கிறது, பனி கொட்டுகிறது என்ற பழைய பேச்சுவழக்கோடு எனக்குச் சண்டை இல்லை. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அங்கே பொருள் விளங்குகிறது, எவரும் ஏமாறுவதில்லை. ஸ்னோஃபால் என்றதும் பிள்ளைகளின் மனதில் எழுவது வேறு படம்.

சுற்றுலா வருமானத்தைக் கெடுக்காதே என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஸ்னோவைத் தேடி வந்தவர் ஏமாந்து, டீ ஒன்று குடித்துவிட்டு அன்று மாலையே மலையிறங்கிவிடுகிறார். உறைபனியைத் தேடி வருகிறவர் முந்தின நாளே வந்து தங்கியாக வேண்டும்.

போன டிசம்பரில் நானும் ஒரு படம் போட்டேன். அடியில் இவ்வளவுதான் எழுதினேன்: தலைகுந்தா, உறைபனி, காலை 6.10, எட்டரைக்குள் கரைந்துவிடும், புல்லை மிதிக்க வேண்டாம். அதிகம் பேர் பார்க்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா மட்டும் கேட்டிருந்தார்: "பிள்ளைகள எத்தன மணிக்கு எழுப்பணும்?" ஐந்து மணிக்கு என்று பதில் போட்டேன்.