நூலும் பயணமும்

ஆலைகள் மலிந்த கோவை மாநகருக்கும் பிரெஞ்சு இலக்கியத்திற்கும் என்ன உறவு என்று வினவுவோர் உளர். உறவு உண்டு. விக்டர் ஹியூகோ என்னும் பிரெஞ்சுப் புலவர் 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருங்கதையைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரால் தமிழாக்கினார். கோவையிலிருந்த பட்சிராஜா நிறுவனம் அதனை 1950-ஆம் ஆண்டில் திரைப்படமாக்கிற்று. தமக்கையின் ஏழு குழந்தைகள் பசியால் வாடக் கண்டு ஒரு ரொட்டியைத் திருடியவன், 19 ஆண்டுகள் சிறையில் துன்புற்ற கதை அது. பசிக்கு நாடு இல்லை, மொழியும் இல்லை. ஆதலின், அக்கதை தமிழர் நெஞ்சையும் தொட்டது.

எனினும், ஒரு நாட்டாரின் இலக்கியத்தையும் பண்பாட்டையும் அறிய நூல் ஒன்றே போதுமா? போதாது, பயணமும் வேண்டும். பாரிஸ் மாநகர் செல்லப் பெரும்பொருள் இல்லையே என்று மாணவர் வருந்த வேண்டுவதில்லை. கொங்கு நாட்டிலிருந்து ஓரிரவுப் பயணத்தில் புதுச்சேரியை அடையலாம். அங்கே தெருப்பெயர்கள் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டுள்ளன. 1827-இல் தொடங்கிய நூலகம், ரோமன் ரோலண்டு என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் பெயரைத் தாங்கி விளங்குகிறது. ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி 1908-இல் அங்குச் சென்ற பாரதியார் வாழ்ந்த இல்லமும் உளது.

பயணம் மற்றோர் உண்மையையும் உணர்த்தும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என முழங்கிய நாடு பிரான்சு. அந்நாட்டின் ஆட்சியிலேயே, 1936 சூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் சுடப்பட்டனர். 12 பேர் மாண்டனர். ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த கோவை மாணவர் இதனை அறிந்தும் வாளா கடந்து செல்வரோ? ஏட்டில் கண்ட நீதி எங்கே, மண்ணில் நிகழ்ந்த கொடுமை எங்கே என்று அவர் நெஞ்சம் வினவும் அன்றோ!

அவ்வாறாயின் பிரெஞ்சு இலக்கியம் நமக்கு எதற்கு என்பர் சிலர். அது பொருந்தாது. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் முதல் நாள் புதுவையை விட்டு நீங்கிற்று, இலக்கியம் நீங்கவில்லை, நீங்கவும் வேண்டுவதில்லை. கொடுமையைக் கொடுமை என்று அளந்து காட்டும் கோலை ஹியூகோவின் நூலே தருகிறது.

நூலைப் படியாது ஊரைக் காண்பவர் கட்டடங்களை மட்டுமே காண்பர். ஊரைக் காணாது நூலைப் படிப்பவர் அதன் புகழை மட்டுமே அறிவர். ஆதலின், மாணவர் முதலில் நூலைப் படித்தல் வேண்டும். பின்னர்ப் பயணம் புறப்படுதல் வேண்டும். திரும்பி வந்து அந்நூலை மீண்டும் ஒருமுறை படித்தல் வேண்டும். அம்மூன்றாம் படிப்பிலேதான் அயலாரை உள்ளவாறு அறியும் அறிவு பிறக்கும்.