டீசலுக்கே விடை, உழவனுக்கு அன்று

டீசலால் ஓடும் வாகனங்களைப் படிப்படியாக நீக்கி, மின்சாரத்தால் இயங்குபவற்றை வீதிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் இந்நாட்டிலும் வலுப்பெற்று வருகின்றது. அக்குரலை நாம் வரவேற்கின்றோம். ஆயினும், எவருடைய வாகனம் முதலில் மாற்றப்படும், மாற்றத்தின் செலவை எவர் சுமப்பர் என்னும் இரு வினாக்களுக்கும் நேரிய விடை கிடைக்கும் வரை எமது வரவேற்பு நிபந்தனையோடு கூடியதாகவே இருக்கும்.

டீசற் புகை தீயது என்பதற்கு இனிச் சான்று தேட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ஆம் ஆண்டிலேயே அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்துவிட்டது. கண்ணுக்குப் புலனாகாத அதன் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று தங்குகின்றன. பஸ் நிலையத்தில் கடலை விற்பவரும், வீதியோரப் பாடசாலையின் பிள்ளையும், நாற்சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரும் அப்புகையையே நாள் முழுதும் சுவாசிக்கின்றனர். குளிரூட்டிய காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்வோர் இதனை அறியார்.

புகையினும் கொடிது, எண்ணெய்க்காகப் பிறர் வாசலில் நிற்கும் நிலை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூனில் 460 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்க முன்வந்தவருக்கும் அது கிடைக்கவில்லை. நெல் வயலில் விளைந்து நிற்க, உழவர் கலன்களோடு வரிசையில் நின்றனர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாம். எண்ணெயை நிறுத்துபவன் ஒரு சமூகத்தின் கை கால்களையே கட்டிவிட முடியும் என்பதை எவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

இவ்வகையில் எமக்குப் பாடமாகத்தக்க நாடு நேபாளம். காத்மாண்டுப் பள்ளத்தாக்கைப் புகையால் மூடிய ‘விக்ரம்’ என்னும் டீசல் முச்சக்கர வண்டிகளை அந்நாட்டு அரசாங்கம் 1999இல் அங்கிருந்து அகற்றியது. மின்கலத்தால் ஓடும் ‘சஃபா டெம்போ’ வண்டிகள் அதற்கு முன்னரே அங்கு ஓடத் தொடங்கியிருந்தன. 2015இல் இந்திய எல்லையில் ஏற்பட்ட முற்றுகை மாதக்கணக்கில் எரிபொருளைத் தடுத்தபோது, எண்ணெயை நம்பி வாழ்வதன் ஆபத்தை அந்நாடு முழுவதும் உணர்ந்தது. ஆற்று நீரிலிருந்து மின்சாரம் பெறும் அந்நாட்டில், 2024ஆம் ஆண்டளவில் புதிதாக இறக்குமதியான கார்களுட் பாதிக்கு மேற்பட்டவை மின்சாரக் கார்களாயின. தீர்வையை அதற்கேற்ப அமைத்ததே இதற்குப் பெரிதும் காரணம்.

மாறான பாடத்தை டெல்லி தருகின்றது. பத்தாண்டுக்கு மேற்பட்ட டீசல் வாகனங்கள் அந்நகரில் ஓடலாகாது எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் கட்டளையிட்டது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2018இல் அதனை வற்புறுத்தியது. இவ்வாறிருந்தும், 2025 ஜூலையில் அத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கப்பட்டபோது மக்களின் எதிர்ப்பு எழவே, சில நாள்களுள் அரசாங்கம் பின்வாங்கியது. நோக்கம் நல்லதே. ஆனால் வாகனத்தை இழப்பவனுக்கு மாற்றுவழி காட்டாத கட்டளை, ஏட்டில் மட்டுமே வாழும்.

சட்டம் முன்னோக்கிச் செல்ல வேண்டியது. நேற்றுச் சட்டப்படி வாங்கிப் பதிவுசெய்த லொறியை இன்று குற்றப் பொருளாக்குவது நீதியாகாது. லீசிங் கடனில் வாங்கிய ஒற்றை லொறியில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்குச் செல்பவனும், கிளிநொச்சியிலும் வன்னியிலும் உழவு இயந்திரத்தை நம்பிக் கமம் செய்பவனும், மின்சார வாகனத்துக்கு முதலிடப் பணத்துக்கு எங்கே போவர்? தலைநகரின் செல்வர்க்கு மின்சாரக் கார் வாங்கத் தீர்வைச் சலுகையும், கமக்காரனுக்குப் பழைய வாகன வரியும் என்றால், அது தூய காற்றின் பெயரால் நிகழும் அநீதியேயாகும்.

ஆகவே, பஸ்ஸிலிருந்தே தொடங்குக என்கின்றோம். ஒரு கார் சிலரைச் சுமக்கும். ஒரு பஸ்ஸோ நாள்தோறும் பல நூறு பேரைச் சுமந்து, குறித்த பாதையில் ஓடி, இரவில் டிப்போவுக்குத் திரும்புகின்றது. மின்னேற்றுதற்கு இதனினும் வசதியான வாகனம் வேறில்லை. மாகாணத்துக்குள் நடைபெறும் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாண சபைகளின் நிரலில் வைக்கப்பட்டுள்ளது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவேண்டிய வட மாகாண சபையோ, 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தலின்றி ஆண்டுக்கணக்கில் முடங்கிற்று. தன் வீதியில் எந்த பஸ் ஓடவேண்டும் என்று தீர்மானிக்கவும் இயலாத மாகாணம், தன் காற்றைத் தூய்மையாக்குவது எங்ஙனம்?

மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதும் கேட்கப்பட வேண்டும். வீதியில் எரிந்த எண்ணெயை மின்னிலையத்தில் எரித்தாற் பயன் என்ன? சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கிய தனியார் மின்னிலையத்தினால் நிலத்தடி நீர் மாசடைந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. தம் கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கக் கண்ட வலிகாமத்துத் தோட்டக்காரர் அந்த நாள்களை மறந்திலர். நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் இறக்குமதிப் பொருளே.

வேறொரு வழி எம் தலைக்குமேலேயே இருக்கின்றது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைகளிற் பொருத்திய சூரியத் தகடுகளைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. ஒருபுறம் வெளிநாட்டு நாணயம் கொடுத்து டீசல் வாங்குகின்றோம். மறுபுறம் விலையின்றி வரும் வெயிலை வேண்டாம் என்கின்றோம். நண்பகலில் ஓய்ந்துநிற்கும் பஸ்களுக்கு அந்த மின்சாரத்தை ஏற்றினால் வீண்போவது பயன்படும். உழவரின் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் அதுவே உதவும்.

எனவே அரசாங்கத்திடம் நாம் கேட்பவை நான்கு. டீசல் பஸ்களை முதலில் மாற்றுதற்குரிய காலவரையறையைச் சட்டத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மாகாணத்தின் பஸ்களைத் தீர்மானிக்கும் உரிமையும் அதற்கான நிதியும் மாகாணத்திடமே இருக்க வேண்டும். உழவு இயந்திரமும் கமக்காரனின் லொறியும் இறுதியாகவே இவ்வரிசையில் வர வேண்டும். அவ்வேளையிலும் பழையதற்கு விலையும் புதியதற்கு இலகு கடனும் கிடைக்க வேண்டும். புதிய மின்தேவைக்குப் புதிய எண்ணெய் மின்னிலையம் அமைத்தல் ஆகாது.

இவற்றைச் செய்தால், மாற்றத்தை எதிர்ப்பவர் எவரும் எம்மிடையே இரார். செய்யாது, செல்வரின் கார்களை மட்டும் மாற்றிவிட்டு வெற்றி முழங்கினால், புகை பஸ் நிலையத்திலேயே நிற்கும். கடன் கமக்காரனின் வீட்டிலேயே நிற்கும். எவ்வழியில் செல்வது என்பதை ஆள்வோர் இப்போதே தீர்மானிக்கட்டும்.