தர்மமும் குலுக்கலும்

பருத்திப்பட்டு அன்பர்கள் சிலர் ஒரு யோசனையை நம்மிடம் பிரஸ்தாபித்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவோருக்கும், நாதியற்ற முதியோருக்கு அன்னமிடுவோருக்கும் பெருந்தனவந்தர்களின் உதவி கிட்டுவதில்லை. ஆகவே இருபது பேர் மாதந்தோறும் ஆளுக்கு 500 ரூபாய் போட்டுக் கேரளத்திலிருந்து லாட்டரிச் சீட்டுகளைத் தருவித்து, பரிசு விழுந்தால் பாதியைத் தர்மத்துக்கு அளிப்பது என்பதே அவர்களுடைய யோசனை. நோக்கம் போற்றத்தக்கது, மார்க்கம் தவறானது என்று சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர்கள் ஆசைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 2023-ம் வருஷம் கேரளத்தின் பரப்பனங்காடியில் குப்பை சேகரிக்கும் பெண்கள் பதினொருவர் காசு சேர்த்து 250 ரூபாய்க்கு வாங்கிய சீட்டுக்கு 10 கோடி ரூபாய் விழுந்தது. அதே வருஷத்து ஓணம் குலுக்கலில் 25 கோடி ரூபாய்ப் பரிசு தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வருக்குக் கிடைத்தது. உழைத்துக் களைத்த அப்பெண்களின் பாக்கியத்தைக் கேட்டு மகிழாதவர் யார்? ஆனால் அந்த ஓணம் குலுக்கலில் விற்ற சீட்டுகள் சுமார் 75 லட்சம். பரிசு பெற்றவரின் படம் பத்திரிகையில் வருகிறது; பெறாதவர்களின் ஜாபிதாவை எவரும் அச்சிடுவதில்லை.

கூடி வாங்கினால் அதிருஷ்டம் பெருகும் என்பது மயக்கமேயாகும். இருபது சீட்டு வாங்கினால் வாய்ப்பு இருபது மடங்காகிறது; விழும் பரிசும் இருபது பங்காகிறது. போட்ட பணத்துக்குச் சராசரியாகத் திரும்புவது ஒரு சல்லியும் கூடுவதில்லை. வரியும் தரகும் சர்க்கார் லாபமும் போக எஞ்சியதுதானே பரிசு? அதிலும் வருமான வரி 30 சதவீதம். தர்ம ஸ்தாபனங்கள் தாமே லாட்டரி நடத்த அனுமதிக்கும் பிரிட்டனிலும், 2005-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் வசூலில் நூற்றுக்கு இருபதாவது தர்மத்துக்குப் போகவேண்டும் என்றுதான் கட்டாயப்படுத்துகிறது. நூறு ரூபாய் கொடுத்து இருபது ரூபாய்ப் புண்ணியம் வாங்குவது என்ன வியாபாரம்?

சட்டத்தையும் கவனிக்கவேண்டும். 1998-ம் வருஷத்து லாட்டரிச் சட்டப்படி மாநில சர்க்கார்களே லாட்டரி நடத்தலாம். ஊர்ச் சங்கம் தானே ஒரு குலுக்கல் நிலையம் திறந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-வது பிரிவுப்படி ஆறுமாதம் வரை சிறைவாசம் நேரலாம். அறம் செய்யப் புறப்பட்டவர்கள் ஆரோபிகளாக நிற்பது நமக்குச் சம்மதமில்லை.

நமது மாகாணமே இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1968-ல் அண்ணாதுரை மந்திரிசபை அரசாங்க லாட்டரியை ஆரம்பித்தபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற கோஷம் எங்கும் முழங்கிற்று. நடந்தது என்ன? அன்றாடக் கூலியை நம்பர் சீட்டில் தொலைத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய தொழிலாளர் எத்தனை பேர்! 2003 ஜனவரியில் ஜெயலலிதா சர்க்கார் லாட்டரி விற்பனையை அறவே தடுத்தது. கேரளத்தில் 2011-ல் தோன்றிய காருண்யா லாட்டரியின் லாபம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவியதை நாம் மறுக்கவில்லை. எனினும் அந்த லாபம் யாருடைய பணம்? பெரும்பாலும் மற்றோர் ஏழையின் பணம்.

இனி, அன்பர்களின் கணக்கையே நாம் எடுத்துக்கொள்வோம். இருபது பேர், ஆளுக்கு 500 ரூபாய்: மாதம் 10,000, வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். இதற்குக் குலுக்கல் வேண்டாம்; தரகர் வேண்டாம். இத்தொகை முழுவதும் இன்றே அவர்கள் கையில் இருக்கிறது! நம் தாய்மார்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து எத்தனையோ தர்மங்களை நடத்தினார்கள். 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் சேர்ந்தது எந்தச் சீட்டு விழுந்து?

ஆகவே, பருத்திப்பட்டு அன்பர்கள் இம்மாதமே சீட்டுப் பணத்தை நேரே அன்னமிடுவோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒப்புவித்து ரசீது பெறுவார்களாக. வருஷ முடிவில் அக்கணக்கை நமக்கு அனுப்பினால், அதனை இப்பத்திரிகையில் சந்தோஷத்துடன் பிரசுரிப்போம். அந்த ஜாபிதாவில் தோற்றவர் பெயர் ஒன்றுகூட இராது.