சிவப்பு எழுத்து யாருக்குக் கேட்கும்?



சென்ற திங்களில் ஒரு தாயிடமிருந்து வந்த மடலை இன்னும் என் மேசைமீதே வைத்திருக்கிறேன். அவருடைய மகன் பிறவியிலேயே பார்வையற்றவர். பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறி, ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தார். தேர்வு பெற்றோர் பட்டியலைக் கல்லூரி தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டது. எழுத்தை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையால் அவர் பட்டியலைச் செவிமடுத்தார். தம் பெயர் வந்தது, வீடே மகிழ்ந்தது. "சிவப்பு எழுத்தில் உள்ளோர் மூன்று நாள்களுக்குள் மீண்டும் சான்றிதழ் கொணர வேண்டும்" என்ற வரியும் அவர் காதில் விழத்தான் செய்தது. தம் பெயரோடு தனியாக எதுவும் சொல்லப்படாததால், அது தமக்கன்று என்று இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சொன்ன பின்னரே, அவர் பெயர் சிவப்பில் இருந்தது தெரியவந்தது. பல நாள் அலைந்து இடத்தை மீட்டார்களாம். "கணினி எல்லாவற்றையும் வாசிக்கும் என்றார்களே ஐயா, நிறத்தை மட்டும் ஏன் வாசிக்கவில்லை?" என்று அத்தாய் வினவுகிறார்.

நியாயமான வினா. விடை சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

அந்நாள் அச்சகங்களில், ஆசிரியர் கையெழுத்துப் படியின் ஓரத்தில் "இது தலைப்பு", "இது தடித்த எழுத்து" என்று பென்சிலால் குறித்து அனுப்புவார். அக்குறிப்பு அச்சில் ஏறாது. அச்சுக்கோப்பவருக்கு மட்டுமே உரியது. இணையப் பக்கமும் அத்தகையதே. எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில், கோண அடைப்புகளுக்குள் இடப்படும் சிறு சொற்கள் அந்தப் பென்சில் குறிப்புகளின் வேலையைச் செய்கின்றன. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் சாய்கோட்டுடன் அதே குறி மற்றொன்று. இடையில் நம் எழுத்து.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1991-இல் இக்குறிகளின் முதல் பட்டியலை வெளியிட்டார். 'எச்1' முதல் 'எச்6' வரை தலைப்புகளுக்கு ஆறு குறிகள் அதில் இருந்தன. தடித்த எழுத்துக்கோ சாய்ந்த எழுத்துக்கோ உரிய குறி அதில் இல்லை. இச்சொல் இன்னது என்று சொன்னால் போதும், எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வாசிக்கும் பொறி பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அதன் போக்கு. பின்னர் மக்களுக்கு அழகு வேண்டியிருந்தது. எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றும் 'ஃபாண்ட்' குறி புகுந்தது. மினுக்கி மினுக்கிக் கண்ணை வருத்தும் எழுத்துகூட ஒரு காலத்தில் வந்தது. அழகு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே சி.எஸ்.எஸ். என்னும் தனி முறை 1996-இல் நெறிப்படுத்தப்பட்டது. 1997-இல் வெளியான எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு 'ஃபாண்ட்' குறியைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. ஆயினும் பழக்கம் எளிதில் போகிறதா?

பழக்கம் செய்யும் தீங்கு இதுதான். ஒருவர் தம் பக்கத்தில் தலைப்பைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி வைக்கிறார். நம் கண்ணுக்கு அது தலைப்பு. வாசிப்பு மென்பொருளுக்கோ, அது மற்ற வரிகளைப் போல மற்றொரு வரி. என்.வி.டி.ஏ. என்றொரு மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டே உடனிருந்து வளர்த்தது; இருவருமே பார்வையற்றவர்கள். இலவசமாகக் கிடைப்பது; தமிழும் வாசிக்கும். அதில் 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். நாம் ஏட்டைப் புரட்டித் தலைப்புகளை மேய்வதைப் போன்றதே அது. ஆனால் உண்மையான தலைப்புக்குறி இல்லாத பக்கத்தில் தாவ இடமேது? நாற்பது பத்திகளையும் முதலிலிருந்து கேட்டேயாக வேண்டும்.

நிறத்தின் கதையும் அதுவே. சிவப்பு என்பது தோற்றம். "சான்றிதழ் தேவை" என்பது பொருள். கல்லூரி தோற்றத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லலாகாது என்று இணைய நெறிமுறையாளர்கள் 1999-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டனர். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு; அவர்களுக்கும் அந்தப் பட்டியல் அரைகுறைதான்.

அப்படியானால் 'ஸ்ட்ராங்' என்னும் குறியை இட்டால் தீருமா என்று கணினி கற்ற இளைஞர் கேட்கலாம். 'பி' என்பது தடித்த தோற்றம் மட்டும். 'ஸ்ட்ராங்' என்பது இச்சொல் முக்கியமானது என்னும் பொருள். (பத்திக்கு உரிய குறியும் தமிழில் எழுதினால் 'பி'யாகவே வருகிறது, குழம்ப வேண்டாம்.) பொருளுக்குரிய குறியையே இடுவது முறை. எனினும் வாசிப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் அதைத் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே எச்சரிக்கையைச் சொல்லாலேயே எழுதிவிடுங்கள். சாய்வெழுத்து தமிழுக்கு இசைவதும் இல்லை. நம் எழுத்தின் சுழிகள் சாய்த்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பக்கத்தின் தொடக்கத்தில், இது தமிழ் என்று குறிக்கும் ஓரிடம் உண்டு. 'டி', 'ஏ' என்னும் இரண்டே எழுத்துகள். ஆங்கிலம் என்றே விட்டுவைத்தால், ஆங்கிலக் குரல் தமிழ்ச் சொற்களோடு போராடித் திணறும், சிலவேளை விட்டுவிட்டே போகும்.

அந்தத் தாய்க்கு இவ்வாறு எழுதியிருக்கிறேன்: கல்லூரி முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். சிவப்பை நீக்கச் சொல்ல வேண்டாம். அது மற்றவர்களுக்கு உதவுகிறது. பட்டியலில் "நிலை" என்று ஒரு கட்டம் சேர்த்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே "சான்றிதழ் தேவை" அல்லது "நிறைவுற்றது" என்று எழுதச் சொல்லுங்கள். பட்டியலின் மேல்வரிசைக் கட்டங்களுக்கு 'டி.எச்.' என்னும் தலைக்கட்டக் குறியை இடவும் சொல்லுங்கள். அப்போது கட்டம் கட்டமாக நகரும்போது, எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதையும் குரல் சேர்த்துச் சொல்லும். செய்து முடிக்க அவர்களுக்கு ஒரு பிற்பகல் போதும். வெளியிடுமுன் தங்கள் மகனையே ஒருமுறை அழைத்துக் கேட்கச் செய்யுமாறும் எழுதுங்கள்.